குப்பை அமுக்கிக்குள் லவோனின் பாத்திரம்

குப்பை அமுக்கும் மெஷினைக் கண்டுபிடித்த மகராசன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவனுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். காட்டமாக எழுத ஆசைதான். ஆனால் மினசோட்டாவில் பிறந்தவன் எவ்வளவு காட்டமாகத் தொடங்கினாலும் ‘உங்கள் நேரத்துக்கு நன்றி’ என்றுதான் முடிப்பான். எங்கள் வளர்ப்பு அப்படி.

சமையல் மேடைக்கு அடியில், பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கும் இரும்புப் பெட்டி அது. முன்பக்கம் ஓர் ஆழமான இழுப்பறை, அதற்குள் தடித்த பை. குப்பையைப் போட்டு மூடிக் குமிழைத் திருகினால் மேலிருந்து ஓர் இரும்புத் தகடு இறங்கி எல்லாவற்றையும் நசுக்கும். பிறகு தகடு மேலே ஏறிக்கொள்ளும். அது ஏறினால்தான் இழுப்பறை திறக்கும். ஏறாவிட்டால் கடவுளே வந்து இழுத்தாலும் திறக்காது. இதை நான் சும்மா சொல்லவில்லை, ஒரு நாள் காலை முழுக்க அந்தக் கடவுளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மாவட்டச் சாலைகளில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். வீட்டு வாசல் பனியையும் நானேதான் ஒதுக்க வேண்டும். அந்தப் பனியில் குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்கு இழுத்துப் போகிற வேலை பாதியாகக் குறையும் என்று கடைக்காரன் சொன்னான். நானும் பக்கத்து வீட்டு கேலனும் ஒரே நாளில் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். கேலன் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். நான் வாங்குகிறதை அவன் வாங்குவான், அவன் வாங்குகிறதை நான் வாங்குவேன். ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில் என் மனைவி ஆர்டிஸுக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். எங்கள் ஊரில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் ஆறுதல் சொல்ல ஆள் வராது, ஹாட்டிஷ் வரும். கொத்துக்கறியைக் கீழே பரப்பி, காளான் சூப்பை ஊற்றி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, அப்படியே அடுப்புக்குள் வைத்துச் சுட்டெடுக்கும் சாப்பாடு. பாத்திரத்தின் அடியில் காகித டேப்பில் கொண்டு வந்தவளின் பெயர் இருக்கும். சாப்பிட்டு முடித்து, பாத்திரத்தைப் பளபளவென்று கழுவி, நன்றாக இருந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றில் எதைச் செய்யாவிட்டாலும் ஊர் மறக்காது.

கேலனின் மனைவி லவோன் செவ்வாய்க்குச் செவ்வாய் கொண்டு வந்தாள். எங்கள் சர்ச்சிலேயே கைமணம் உள்ளவள் அவள்தான். கனமான நீல இரும்புப் பாத்திரம், இரண்டு பக்கமும் காது. முதல் வாரம் ஒரு வாய் வைத்தேன். லவங்கப்பட்டைப் பொடி. கறியில்! அதன் பின்னால் சோப்பைக் கடித்ததுபோல ஒரு கசப்பு. ஆர்டிஸ் தன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சோடா உப்பை அள்ளிப் போட்டிருக்கா. ஏதோ அவசரம் போல.”

மறுநாள் லவோன் பாத்திரத்துக்கு வந்து, எப்படி இருந்தது என்று கேட்டாள். வித்தியாசமாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் ஊரில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. ஆர்டிஸ் மேசைக்கு அடியில் நல்ல காலால் என்னை ஓர் உதை விட்டாள்.

“பிரமாதம் லவோன். ஒரு துளி மிச்சமில்ல,” என்றேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அங்கேதான். அடுத்த செவ்வாயும் அதே ஹாட்டிஷ், அதே லவங்கப்பட்டை. அதற்கடுத்த செவ்வாயும் அதுவே. ஒவ்வொரு முறையும் சாப்பாடு அமுக்கிக்குள் போனது, பாத்திரம் பளபளவென்று லவோனிடம் போனது, நான் இன்னும் கொஞ்சம் கூட்டிப் புகழ்ந்தேன். புகழ்ச்சி ஊருக்குள்ளும் பரவிவிட்டது. தவக்காலத்தில் புதன்கிழமைதோறும் சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். வருகிற புதனுக்கு லவோனின் ஹாட்டிஷ்தான் என்று முடிவாயிற்று.

நான் கடவுளைக் கூப்பிட்ட அந்தக் காலை, அதற்கு முந்தின நாள். திங்களன்றே ஒரு ஹாட்டிஷ் வந்து இறங்கியிருந்தது, புதன் சமையலுக்கு ஒத்திகையாம். ஒரு ஓரத்தில் மட்டும் கிண்டின நிலையில் குளிர்பெட்டியில் இருந்தது.

“லவோன் பாத்திரத்துக்கு வந்துடுவா. கொட்டிட்டுக் கழுவி வை,” என்றாள் ஆர்டிஸ், நாற்காலியில் இருந்தபடியே.

“காபியக் குடிச்சிட்டுச் செய்றேன்.”

“நீ காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஏரியில ஐஸே உருகிடும்.”

முனகிக்கொண்டே எழுந்தேன். பாத்திரத்தை எடுத்து அமுக்கியின் இழுப்பறையைத் திறந்த நேரத்தில் பின்வாசலில் பூட்ஸைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, பூட்ஸைத்தான் தட்டுவார்கள். தட்டி முடித்து, கழற்றி, உள்ளே வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? கை தானாக வேலை செய்தது. சாப்பாட்டோடு பாத்திரத்தை இழுப்பறைக்குள் இறக்கி, மேலே நேற்றைய செய்தித்தாளைப் போட்டு, காலால் தள்ளினேன். பாத்திரத்தின் காது இடித்துக்கொண்டு இழுப்பறை முழுதாக மூடவில்லை. விரல் நுழைகிற இடைவெளி விட்டு நின்றது.

“நான்தான்!” என்று லவோன் காலுறை மட்டும் போட்ட காலோடு அடுப்படிக்கு வந்தாள். “என்ன காத்து, என்ன காத்து! ஆர்டிஸ், இடுப்பு எப்படி இருக்கு?”

“இன்னும் மோசமா இருந்திருக்கலாம்,” என்றாள் ஆர்டிஸ். ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

லவோன் என் பக்கம் திரும்பினாள். “டெல்மர், நேத்து எப்படி இருந்துச்சு?”

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். சமைக்கிறவர்கள் அப்படிப் பார்ப்பது சகஜம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

“வழிச்சு நக்கிட்டோம்.”

“எல்லாமா?”

“பாத்திரத்தையும் சேத்துத் தின்னிருப்போம், ஆர்டிஸ்தான் வேண்டாம்னுட்டா.”

“அப்ப சரி,” என்று பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். “பாத்திரத்தக் குடு. நாளைக்கு வேணும்.”

“கழுவிக் காயுது. மத்தியானம் நானே கொண்டு வந்து தரேன்.”

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். திரும்பினவளின் கண்ணில் திறந்திருந்த இழுப்பறை பட்டது. அவள் வீட்டிலும் இதே மெஷின், இதே இடத்தில். பழக்கதோஷம்! முட்டியால் ஒரு இடி இடித்து மூடினாள், குமிழைத் திருகினாள். நான் வாயைத் திறப்பதற்குள் தகடு இறங்கத் தொடங்கிவிட்டது. முதலில் செய்தித்தாள் கசங்கியது. பிறகு கிழங்கு உருண்டைகள் பிதுங்குகிற சத்தம். பிறகு இரும்பும் இரும்பும் மோதி, அடுப்படியே ஒரு முறை குலுங்கி, மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகி நின்றது.

“என்னத்தப் போட்டே உள்ள, மான் தலையா?” என்றாள் லவோன்.

“டப்பா. பெரிய டப்பா ஒண்ணு.”

“எங்களுதும் இப்படித்தான், எப்பப் பாத்தாலும் மாட்டிக்குது. கேலன் பிரிச்சுப் பிரிச்சு அவனுக்கு அத்துப்படி. போனதும் அனுப்பி வைக்கிறேன்.”

“வேண்டாம் வேண்டாம், அவனுக்கு எதுக்குச் சிரமம்?”

“சிரமம் என்ன, சும்மாதான உக்காந்திருக்கான்.”

“இல்ல இல்ல, நானே பாத்துக்குறேன்.”

“பாவம், நீ ஒண்டியா எப்படிப் பாப்பே?”

“வேண்டாம்மா, நிஜமா.”

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். எங்கள் ஊரில் ஒருவன் மூன்று முறை வேண்டாம் என்று சொன்னால் வேண்டும் என்று அர்த்தம். நிஜமாகவே வேண்டாம் என்றால் நான்காவது முறையும் சொல்ல வேண்டும். ஆனால் நான்காவது முறை சொல்வது மரியாதைக் குறைவு. அறுபது வருடம் இந்த ஊரில் இருந்தவனுக்கு அந்த நான்காவது வாயில் வரவில்லை.

“அப்ப அனுப்புறேன்,” என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் ஆர்டிஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊர் முழுக்கத் தெரிந்த பாத்திரம், அதில் அவள் கையால் செய்த சாப்பாடு, அது எங்கள் குப்பைக்குள். அதை எடுக்க வருகிறவன் அவள் புருஷன். லவோன் மனசு நொறுங்கிப்போகும். எத்தனையோ வருட அக்கம்பக்கம் அன்றோடு முடிந்துவிடும்.

“அவன் வர்றதுக்குள்ள எடு,” என்றாள் ஆர்டிஸ்.

“எடுக்காம பாத்துக்கிட்டா இருப்பேன்?”

குமிழைத் திருகினேன். முனகல். இழுப்பறையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. ஆர்டிஸ் அலமாரியில் இருந்த கையேட்டை எடுத்து வரச் சொல்லி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

“மெஷின் ஓடவில்லையென்றால், பிளக் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவும்.”

“முனகுதே, கேக்கலையா? பிளக் இல்லாம முனகுமா?”

“எங்கிட்ட ஏன் கத்துறே? எழுதியிருக்கிறதப் படிக்கிறேன். அடுத்து, மோட்டார் சூடாகி நின்றிருந்தால் சிறிது நேரம் ஆற விடவும்.”

“நமக்குச் சிறிது நேரம் இல்லம்மா!”

“அப்ப மெஷின்கிட்ட அதச் சொல்லு.”

ஆற விட்டேன். மறுபடி திருகினேன். தகடு இன்னும் ஒரு நூல் இறங்கியதே தவிர ஏறவில்லை. கோபத்தில் ஓர் உதை விட்டேன். வீட்டுக்குள் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. கட்டைவிரல் விண்ணென்று தெறித்து, நொண்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். ஆர்டிஸ் கையேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரியும்.

“உதைப்பது பற்றி இதுல ஒண்ணும் போடல,” என்றாள்.

பிளக்கைப் பிடுங்கினேன். மேடையோடு இருந்த திருகாணிகளைக் கழற்றி, பெட்டியை முன்னால் இழுத்தேன். நாசமாய்ப் போனது என்ன கனம் கனக்கிறது! பழைய போர்வையைத் தரையில் விரித்து, கன்றுக்குட்டியைச் சாய்க்கிற மாதிரி கட்டிப்பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தேன். உள்ளே எல்லாம் கொழகொழவென்று ஒரு பக்கமாகச் சரிகிற சத்தம். இழுப்பறை இடுக்கு வழியாகக் காளான் சூப் வடிந்து என் முட்டியை நனைத்தது. லவங்கப்பட்டை வாடை அடுப்படி முழுக்கப் பரவியது.

அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தால் கறுப்பு மசகுக்குள் இரண்டு பல்சக்கரம், இரண்டையும் மோட்டாரோடு சேர்க்கிற ஒரு செயின். சக்கரம் சுற்றினால் இரண்டு பக்கமும் உள்ள திருகுத்தண்டு சுற்றும், தண்டு சுற்றினால் தகடு ஏறும். பார்த்த உடனே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினை. செயின் இருப்பதால்தான் சக்கரம் கையால் சுற்ற முடியாமல் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துச் செயினைக் கழற்றினேன். ஸ்பேனரைப் போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றினேன். அழகாகச் சுற்றியது. இன்னும் சுற்றினேன். உள்ளே ‘க்றாக்’ என்று எதுவோ இன்னும் ஆழமாகப் போய் மாட்டிக்கொண்டு, அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் நகரவில்லை. ஆப்பசைத்த குரங்காக உட்கார்ந்திருந்தேன். தானியங்கிக் கருவிகளையும், அவற்றை விற்கிற கடைகளையும், லவங்கப்பட்டை விளைகிற தேசங்களையும் வரிசையாகச் சபித்தேன்.

அப்போது பின்வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

கேலன் நெட்டையானவன், பேச்சு குறைவு. கருவிப்பெட்டியைக் கீழே வைத்து, தொப்பியைக் கழற்றி, தரையில் கிடந்த மெஷினையும் என்னையும் பார்த்தான்.

“சாச்சுட்டே.”

“சாச்சுட்டேன்.”

“செயினக் கழட்டிட்டியா?”

“லேசாத்தான்.”

“லேசாக் கழட்டுறதுன்னா என்னப்பா?” என்று மண்டியிட்டான். “ரெண்டு தண்டும் ஒண்ணா ஏறணும். நீ ஒண்ண மட்டும் சுத்தியிருக்கே. தகடு கோணிக்கிச்சு. அதுவும் இறங்குற பக்கமாச் சுத்தியிருக்கே.”

“எந்தப் பக்கம்னு எவன் எழுதி வச்சிருக்கான்?”

“நானும் முதல் தடவ இதேதான் செஞ்சேன்.”

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவன் எவ்வளவு சீக்கிரம் வேலையை முடிக்கிறானோ அவ்வளவு சீக்கிரம் நான் மாட்டுவேன். “கேலன், நீ பிரிச்சுக் குடுத்துட்டுப் போ, குப்பைய நான் அள்ளிக்கிறேன், நாறும்,” என்றேன். “நாறட்டும்,” என்றான். ஆர்டிஸ் காபி வேண்டுமா என்று கேட்டு, அவனை வரவேற்பறைக்குக் கிளப்பப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்றான். மறுபடி கேட்டாள். அவன் சக்கரத்தை எண்ணி எண்ணிச் சுற்றிக்கொண்டிருந்தான்.

கோணலை நிமிர்த்துவதற்குள் எங்கள் இருவருக்கும் வேர்த்துவிட்டது. நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அவன் ‘ம்’ என்றால் அரைச்சுற்று. ஒரு முறை என் ஸ்பேனர் நழுவி விரல்மூட்டில் தோல் உரிந்தது. ஒரு முறை அவன் கெட்ட வார்த்தை சொன்னான், உடனே ஆர்டிஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்டான். கடைசியில் செயினை மாட்டி, இரண்டு தண்டையும் சேர்த்துச் சுற்றினோம். உள்ளே எதுவோ விட்டுக்கொடுத்தது. தகடு மேலே ஏறுகிற சத்தம் கேட்டது.

பெட்டியை நிமிர்த்தினோம், உள்ளே பாத்திரம் கடகடவென்று உருண்டு கவிழ்ந்தது. நான் இழுப்பறைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“தள்ளுப்பா,” என்றான் கேலன்.

“நான் பாத்துக்குறேன்.”

“டெல்மர். தள்ளு.”

இழுத்தான். நசுங்கின செய்தித்தாளுக்கு நடுவில் நீலப் பாத்திரம் தலைகுப்புறக் கிடந்தது. ஒரு காது உடைந்திருந்தது. அடிப்பக்கம் மேலே தெரிந்தது, அதில் காகித டேப், டேப்பில் லவோனின் பெயர். அதைச் சுற்றிக் கறியும் கிழங்கும் அப்படியே, யாரும் தின்னாத ஹாட்டிஷ்.

நான் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். கை தவறி விழுந்துவிட்டது என்று. அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் கேலன் குனிந்து மோந்து பார்த்தான்.

“லவங்கப்பட்டை,” என்றான்.

நான் செய்தித்தாளை இழுத்துப் பாத்திரத்தை மூடப் பார்த்தேன்.

“கசப்பு இருந்துச்சா?”

“கேலன், அது வந்து...”

“இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு,” என்றாள் ஆர்டிஸ்.

“போன வாரம்?”

“போன வாரமும் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும்.”

கேலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மசகுக் கையால் நெற்றியைத் துடைத்ததில் நெற்றியெல்லாம் கறுப்பு. அவன் எங்களைத் திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அந்த மனிதனின் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை, அவன் அப்பாவைப் புதைத்த அன்றுகூட.

“என் நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சேன்ப்பா,” என்றான். “கிறிஸ்துமஸ்லருந்து எதைத் தின்னாலும் கசக்குது, இல்லன்னா இனிக்குது. அவகிட்டச் சொன்னா, ‘டெல்மர் வழிச்சுத் திங்கிறான், சர்ச்லயே என்னத்தான் செய்யச் சொல்லிக் கேக்குறாங்க, உனக்கு மட்டும் என்ன கேடு?’ங்கறா. சரி, ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது, அப்ப கோளாறு எனக்குத்தான்னு டாக்டர்கிட்டப் போனேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தார். பிரஷர் மாத்திரைய மாத்திக் குடுத்தார். அப்பவும் கசக்குது. அவ மனசு நோகக் கூடாதுன்னு, அவ அந்தப் பக்கம் போனதும் தட்டுல இருக்கிறத அமுக்கில கொட்டிடுவேன். எங்களுது எதனால மாட்டிக்குதுன்னு நெனச்சே? அவசரத்துல போன மாசம் ஒரு கரண்டியும் சேந்து போச்சு, அதுக்கு முந்தி ஒரு மூடி.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாமே,” என்றேன். சொல்லும்போதே அசட்டுத்தனமாக இருந்தது.

“என்னன்னு கேப்பேன்? ‘என் பொண்டாட்டி சமையல் உனக்கும் கசக்குதா’ன்னா? நீ என்ன சொல்லியிருப்பே? பிரமாதம்னிருப்பே.”

ஆமாம். அப்படித்தான் சொல்லியிருப்பேன். எனக்கு என் மேலேயே அவ்வளவு எரிச்சல் வந்தது. மெஷின் மேல் வந்த எரிச்சலெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“சமையல் மட்டும் இல்ல, டெல்மர்,” என்று குரலைத் தாழ்த்தினான். “கார் சாவிய வெண்ணெய் டப்பாவுக்குள்ள வைக்கிறா. பொண்ணுக்கு போன் பண்ணிட்டு, வச்ச கையோட மறுபடி பண்றா. நாந்தான் மறந்துபோறேன், நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிறேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். ஒருத்தன், இந்த ஊர்ல ஒரே ஒருத்தன், இது நல்லால்லன்னு சொல்லியிருந்தா...”

 பூட்ஸைத் தட்டும் சத்தத்தை நாங்கள் யாரும் கேட்கவில்லை. லவோன் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவள் கண் இழுப்பறையில் இருந்தது.

ஆர்டிஸ் என்னைப் பார்த்தாள். கால் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தேன், ஆனால் இந்த முறை உதைக்கவில்லை.

“டெல்மர்,” என்றாள் லவோன். “நேத்து எப்படி இருந்துச்சு?”

அந்த முகத்தைப் பார்த்தால் பொய் தானாக வாயில் வந்து நிற்கிறது. எத்தனை வருடப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“நல்லால்ல, லவோன். தின்ன முடியல.”

“முத வாரம்?”

“அதுவும்தான்.”

“எல்லாத்தையும் இதுக்குள்ளதான் போட்டியா?”

“ஆமா.”

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து ஆர்டிஸுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ருசி தெரியல,” என்றாள். “உப்புப் போட்டேனா இல்லையான்னு அடுப்பு முன்னாலயே நின்னு யோசிப்பேன். ஞாபகம் வராது. எனக்கு என்னமோ ஆகுதுன்னு பயமா இருக்கும். அதான் உங்க வீட்டுக்கு வாராவாரம் செஞ்சு கொண்டாந்தேன். நீ காலிப் பாத்திரத்தக் குடுக்கும்போதெல்லாம், அப்பாடா, இன்னும் ஒண்ணும் ஆகல, கேலனுக்குத்தான் வாய் சரியில்லன்னு நெனச்சுப்பேன். அவன்கிட்ட எவ்வளவு சண்ட போட்டேன், தெரியுமா?”

எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. உடைந்த காதைத் தேடிக் குப்பைக்குள் கையை விட்டேன். கேலன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். மசகுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அவள் தோளில் வைத்தான். அவளுடைய வெள்ளை ஸ்வெட்டரில் கறுப்புக் கறை அப்பியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு அவளே எழுந்து, எங்கள் சுவரில் இருக்கும் போனை எடுத்துச் சர்ச் அலுவலகத்துக்குச் சுழற்றினாள்.

“நான் லவோன் பேசுறேன். நாளைக்குச் சமையலுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. இல்ல, சளி காய்ச்சல் ஒண்ணும் இல்ல. எனக்கு ஞாபகம் தப்புது. என்னத்தப் போட்டேன், என்னத்தப் போடலன்னே தெரியல. நான் செஞ்சது குப்பைக்குத்தான் போயிருக்கு.”

மறுமுனையில் ஒரு பெண்குரல் வேகமாக, அன்பாக, விடாமல் பேசியது. வார்த்தை எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்த ராகம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். லவோன் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குறுக்கே பேசினாள். எங்கள் ஊரில் யாரும் யாரையும் குறுக்கிட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

“வேண்டாம்மா. நல்லாருக்குன்னு சொல்லாதீங்க. இனிமே எங்கிட்ட யாரும் அப்படிச் சொல்லாதீங்க.”